தட்டினால் நலம்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீ, மாப்பிள்ளை, வாலு எல்லோரும் நலமா?

கோர்ட் என்னை இந்த மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது வாலு தொட்டிலில் கிடந்தாள். இப்போது டாக்டரே, குணமாகிவிட்டது, போகலாம் என்கிறார். வீட்டிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும், அவ்வளவுதான். போன கடிதத்திலும் இதைத்தான் எழுதினேன். நீ ஸ்வெட்டர் அனுப்பினாய்.

இங்கே பேய் இருக்கிறதாம். பூட்டிக் கிடக்கும் பழைய வார்டைப் படம் எடுக்க வாரம் தவறாமல் ஆட்கள் வருகிறார்கள். பேய்க்கு வருகிற விருந்தாளிகளில் ஒருவர் எனக்கு வந்தால் போதும்.

உன் அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலம் என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்தப் பேய் வீடியோவை நாங்களும் பார்த்தோம். உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்களே, நிஜமா?

கையெழுத்து விஷயத்தில் கோபப்படாதே. அன்று நீ உடைத்த தோள் அவருக்கு மழை வந்தால் இன்னும் வலிக்கிறது. "உங்க அண்ணன் அங்க நல்லாத்தானே இருக்காரு, இருக்கட்டுமே" என்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

பொறுத்தார் பூமி ஆள்வாராம். எனக்குப் பூமி வேண்டாம், உன் மாடி அறை போதும்.

வீடியோவில் தட்டுவது பழைய தண்ணீர்க் குழாய். பேய்க்கதை வந்த விதத்தை வயதான நர்ஸ் ஒருவர் சொன்னார். அந்த வார்டில் எல்லாம் இரும்புக் கதவு, குரல் வெளியே கேட்காது. பூட்டிய பிறகு காவலாளி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போவார். உள்ளே இருப்பவர் திருப்பித் தட்டினால் நலம் என்று அர்த்தம். தட்டாவிட்டால்தான் திறப்பார்கள். ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. திறக்கச் சொல்லி விடாமல் தட்டினார். "இன்னிக்கு இவன் ரொம்ப நல்லா இருக்கான் போல" என்று காவலாளி போய்விட்டார். காலையில் பிணத்தைத்தான் எடுத்தார்கள்.

நானும் நலம், நலம் என்று எழுதியே உன்னைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். எரிச்சலாக இருக்கிறது. நோய் போய்விட்டது, ஆனால் நான் நலமில்லை. வா.

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணா,

வியாழக்கிழமை காலை வருகிறேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வாலு மட்டும் மாமா எப்போ வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மாடி அறையைக் கழுவிவிட்டேன். முன்பு நீ இருந்தபோது அவர் வெளிப்பக்கம் அடித்த தாழ்ப்பாளைத் தச்சரைக் கூப்பிட்டுக் கழற்றியாயிற்று. உள்தாழ்ப்பாள் அப்படியே இருக்கிறது.

உன் தங்கை