பாதி ஃபேன்கள்

மே 9, வெள்ளி

நாங்கள் தைப்பது பனிமலை ஏறுகிறவர்களுக்கான ஜாக்கெட். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, கார்பன் புகையைக் குறைப்பதாக உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறதாம். அதற்காக இன்று எங்கள் தையல் கூடத்தில் பாதி ஃபேன்களை நிறுத்திவிட்டார்கள். மதியம் பக்கத்து மெஷின் நூர்ஜஹான் மயங்கி விழுந்தாள். ஓடிப்போய் ஃபேனைப் போட்டேன்.

"கரண்டு செலவு குறைஞ்சாத்தாம்மா ஆர்டர் வரும்," என்று சூப்பர்வைசர் ஃபேனை மறுபடி அணைத்தார்.

"மேனேஜர் ரூம்ல ஏசி ஓடுதே சார்?"

"அது வேற மீட்டரும்மா."

நூர்ஜஹானைத் தில்லை நகர் கிளினிக்குக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். குளுகோஸ் ஏறும்போதே என் கையைப் பிடித்தாள். "அக்கா, லீவு சொல்லிடாதீங்க. நாளைக்கு வந்துடறேன், இன்ஷா அல்லா."

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வரும்போது எனக்கு அவள்மீதுதான் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், நாளைக்கு நானும்தான் போகப்போகிறேன்.