நீ பார்க்காத இரட்டைப் பாட்டில் ராக்கெட்

மாப்பிள்ளை,

பக்கத்து வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குக் குழாய் மாற்றுகிறார்கள். பைப் ஒட்டும் பசையின் காட்டமான வாசனை காலையிலிருந்து என் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. உன் சட்டைப் பையிலும், உன் கார் இருக்கையிலும், நீ பிய்த்து நீட்டும் வடைத் துண்டிலும்கூட இந்த வாசனைதான் இருந்தது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். பிறகு நன்றாகத் திறந்து வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன்.

எதை எழுதினாலும் நான் முதலில் வரிசை போட்டுக்கொள்வேன். ‘கருவூலத்துப் புத்தி’ என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஊரில் பேசியவர்களுக்கு முகத்துக்கு நேரே பதில் சொல்லாமல் வந்தவன் நான். உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன்.

1. ராக்கெட் விட்டதால் நீ சாகவில்லை.
2. நாம் செய்தது விளையாட்டு அல்ல.
3. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காற்றைப் பார்த்து நான் நிறுத்தச் சொன்னது சரி.
4. உன் மகன் எழுந்து போகச் சொல்லியும் நான் போகாமல் உட்கார்ந்திருந்தது அதைவிடச் சரி.

இந்த நான்கில் எதையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எல்லாம் தொடங்கியது உன் கடையில். நான் ஓய்வு பெற்றுக் கம்பத்துக்குத் திரும்பி, பொழுது போகாமல் உன் சொட்டுநீர்ப் பைப் கடையில் வந்து உட்கார ஆரம்பித்திருந்த காலம். பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு, தேனி கருவூலத்தில் பில்லுக்குப் பில் கையெழுத்தைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் நான். ஒருநாள் நீ கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். எங்கோ ஒரு நாட்டில், நம் வயதுக்காரர்கள் நாலைந்து பேர், குளிர்பானப் பாட்டிலில் தண்ணீரும் காற்றும் அடைத்து வானத்துக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மச்சான், பைப்பு, வால்வு, எல்போ எல்லாம் நம்ம கடையிலயே கெடக்கு. பாட்டிலுக்குத்தான் பஞ்சம்” என்றாய்.

அந்தப் பஞ்சத்தையும் நீ கல்யாண மண்டபங்களில் தீர்த்தாய். நான் பந்தியில் உட்காரவே கூசுகிறவன். நீயோ பந்திக்கு நடுவில் நின்று, “குடிச்சு முடிச்சவுக பாட்டிலை இங்கன குடுங்க, நசுக்கிராதீக” என்று வசூல் செய்தாய். கல்யாண வீட்டார் நம்மைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் உறுத்துகிறது. யாரோ தூக்கிப்போட்ட காதுகுத்து வாழ்த்துப் பலகையை அறுத்து இறக்கைகள் செய்தோம். மூன்று இறக்கையிலும் யாரோ ஒரு தாய்மாமனின் மீசை துண்டு துண்டாக ஒட்டியிருந்தது.

ஏவுமேடை உன் பங்கு. பாட்டிலைத் தலைகீழாக மாட்டி, காற்றடித்து, சைக்கிள் பிரேக் ஒயரை இழுத்தால் பிடி விட்டு எகிறும். அளப்பது என் பங்கு. கோணமானி ஒன்றில் நூலும் நட்டும் கட்டித் தொங்கவிட்டேன். ராக்கெட் உச்சியில் இருக்கும்போது கோணமானியின் விளிம்பு வழியாகப் பார்த்தால் நூல் கோணத்தைக் காட்டும். அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். ஒன்று விடாமல் அளந்தேன். கணக்கிட்டுச் செய்கிற காரியத்தை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது?

முதல் ராக்கெட்டை உன் தரிசில் விட்டோம், பக்கத்துத் திராட்சைப் பந்தலில் அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில். நான் ஐந்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீ இரு கைகளையும் வாயில் குவித்து, கிணற்றுப் பாறைக்கு வெடி வைக்கிறவர்களைப் போல, “வேட்டு... வேட்டேய்... ஒதுங்கிக்கங்க” என்று கத்தினாய். நம் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள். பந்தலுக்கு அடியில் இருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி, வரப்புக்குப் பின்னால் குப்புறப் படுத்தார்கள். பாட்டில் புஸ்ஸென்று கிளம்பி, ஒரு தென்னை உயரம் போய், பந்தல் கம்பியில் வந்து விழுந்தது.

அவர்களில் முதலில் எழுந்தது பேச்சியம்மாதான்.

“என்னா வேட்டு இது? கல்லு பறக்கும்னு படுத்தா சோடாப் பாட்டிலு பறக்குது.”

“தண்ணி ராக்கெட்டு, ஆத்தா” என்றாய் நீ.

“எங்க தெருவுக்கு நாள் விட்டு நாள்தான் தண்ணி வருது. நீங்க அதை மேல அனுப்புறீகளாக்கும்?”

“மேகத்தைக் கூட்டியாரச் சொல்லித்தான் அனுப்பியிருக்கோம்.”

“கூட்டியாந்தா எங்க தெருவுக்கு மொதல்ல அனுப்புங்க, மொதலாளி.”

நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றபடி, மன்னிப்புக் கேள் என்று உனக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தேன். நீ எல்லாருக்கும் டீ வாங்க ஆளனுப்பினாய். அதற்குப் பிறகு அங்கே வேலை நடக்கும் ஞாயிறுகளில் நீ வேட்டு என்று கத்துவாய்; அவர்கள் வேண்டுமென்றே குப்புற விழுந்து சிரிப்பார்கள்.

டீக்கடையில், “சந்திரனுக்கு எப்பய்யா கெளம்புறீக?” என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். “ஒரு சீட்டு காலியா இருக்கு, வர்றியா?” என்பாய் நீ. நான் வீட்டுக்கு வந்து, அது அழுத்தத்தையும் நிறையையும் பற்றிய சோதனை என்று என் மனைவிக்கு விளக்குவேன். டீக்கடைக்காரருக்கும் ஒருநாள் விளக்கினேன். “வெளையாட்டுன்னு சொல்லிட்டுப் போயேன் மச்சான், என்ன இப்ப?” என்றாய். அதில் மட்டும் நாம் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

கடைசி ஞாயிறு. இரண்டு பாட்டில்களை இணைத்து, பழைய குடைத் துணியில் பாராசூட் தைத்து, நீ பல நாள் உட்கார்ந்து ஒட்டிய பெரிய ராக்கெட் தயாராக இருந்தது. முதலில் சின்னவற்றை விட்டோம். பம்பு அடித்தது நீ. என்னை எப்போது விட்டாய்? பெரியதை மேடையில் ஏற்றும்போது, காற்றைப் பார்க்கக் குச்சியில் கட்டியிருந்த நூல் படுக்கைவாட்டில் நின்றது. மலைக் கணவாயிலிருந்து காற்று இறங்கிவிட்டது.

“இன்னைக்கு வேண்டாம், மாப்ளே.”

“ஒன்னே ஒன்னு, மச்சான்.”

“அடுத்த ஞாயிறு.”

ராக்கெட் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும். அந்தத் திசையில் சாலை இருந்தது, பைக்குகள் போய்க்கொண்டிருந்தன. நீ முனகிக்கொண்டே அதைக் கழற்றிக் காரில் வைத்தாய். புதன்கிழமை கடையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய்.

விட்டிருந்தால் பார்த்திருப்பானே என்று என் மனமே என்னோடு எத்தனையோ முறை வாதாடியது. வாதாடட்டும். நீ புதன்கிழமை போகப்போகிறாய் என்று நூல் சொல்லவில்லை. காற்றைத்தான் சொன்னது. அதே நூலை இன்று பார்த்தாலும் நிறுத்தத்தான் சொல்வேன்.

உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் காதில் விழுந்தது: “இந்த வயசுல வெயில்ல நின்னு பம்பு அடிச்சா?” உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பம்புதான் மாமா அத்தாவைக் கொண்டுபோயிருச்சு” என்றான். பல வாரம் நான் தூங்கவில்லை. பிறகு துணிந்து, தேனியில் நீ பார்த்துவந்த இருதய டாக்டரிடம் போனேன்.

“அடைப்பு ரொம்ப நாளா இருந்துச்சு சார். ஆபரேசனுக்கு வாங்கன்னா, கடையை யாரு பாப்பான்னு சிரிச்சுட்டுப் போயிருவாரு. நீங்க பம்பு அடிச்சதெல்லாம் காரணம் இல்ல.”

நம்பாமல் திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னார். அடைப்பு இருந்ததை என்னிடம்கூட நீ சொல்லவில்லை. அதற்கு உன்னோடு தனிச் சண்டை இருக்கிறது. இந்த மடலில் அதற்கு இடமில்லை.

நாற்பதாம் நாள் ஓதி முடித்த மறுவாரம் கடைக்குப் போனேன். உன் நாற்காலியில் உன் மகன். ராக்கெட்டும் மேடையும் பின்னால் பரணில்.

“அந்த ராக்கெட்டைக் குடுத்தேன்னா...”

“எதுக்கு மாமா?”

“விடணும்.”

“போதும் மாமா. வெளையாட்டு வெளையாட்டுன்னுதான் அத்தா போனாக.”

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை. “அது வெளையாட்டு இல்லப்பா, பௌதிகம்” என்று தொடங்கி, காற்றழுத்தத்திலிருந்து ஒரு பாடமே நடத்தினேன். எல்போ வாங்க வந்த ஒரு விவசாயி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“சரி மாமா, பௌதிகம். ஒங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா அத்தைக்கு யாரு பதில் சொல்றது? எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க.”

போ என்று யார் சொன்னாலும் எழுந்துவிடுவதுதான் என் வழக்கம். அதிகாரி சொன்னாலும் எழுந்திருக்கிறேன், பஸ் கண்டக்டர் சொன்னாலும் எழுந்திருக்கிறேன். அன்று, “போக மாட்டேன்” என்றேன். சொன்னபடியே உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாளர்கள் என் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

“சாப்பாட்டு நேரம். ஷட்டரை எறக்கப் போறேன் மாமா.”

“எறக்கு.”

நீ போனதிலிருந்து வெளியாள் முன் வராமல் இத்தாவில் இருந்த உன் வீட்டம்மாவின் குரல் அப்போது, கடையை ஒட்டிய வீட்டின் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

“அண்ணே, சாப்பிட்டீகளா?”

“இல்லம்மா.”

“டேய், அதை எடுத்துக் குடு. அத்தனை நாளும் ஒக்காந்து ஒட்டுனாகளே, பரண்ல எலி கடிக்கிறதுக்கா ஒட்டுனாக?”

உன் மகன் பரணுக்கு ஏணியைச் சாய்த்தான். “நானும் வருவேன். பம்பை நீங்க தொடக் கூடாது” என்றான்.

“சரி.”

“வெயில்ல நிக்கக் கூடாது.”

“நிப்பேன்.”

அந்த ஞாயிறு நூல் அசையாமல் தொங்கியது. பேச்சியம்மாவும் மற்றவர்களும் பந்தலில் கொடி நறுக்கும் கவாத்து வேலையை நிறுத்திவிட்டு வரப்பில் வந்து நின்றார்கள். “மொதலாளி இல்லாம வந்திருக்கீகளே சாமி” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. உன் மகன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பம்பு அடித்தான். நான் தூரத்தை அளந்து, கோணமானியைத் துடைத்து, ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டேன். வேட்டு என்று கத்த வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. வரப்பிலிருந்து பேச்சியம்மா எனக்காகக் கத்தினாள். கத்திவிட்டு எல்லாரும் குப்புறப் படுத்தார்கள்.

இழுத்தேன்.

உன் மகன் தலையிலிருந்து கால்வரை நனைந்தான். ராக்கெட் தென்னைகளைத் தாண்டி, கரண்டுக் கம்பங்களைத் தாண்டி, வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி, மலைக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. மூக்கு கழன்றது. குடைத் துணி கருப்பாக விரிந்தது. யாரோ உச்சக் குரலில் கத்துவது கேட்டது. கொஞ்சம் கழித்துத்தான் அது நான் என்று தெரிந்தது. செருப்பில்லாமல், துண்டைச் சுழற்றிக்கொண்டு, அது இறங்கும் திசையில் ஓடிக்கொண்டிருந்தேன். “ஓடாதீக மாமா, ஓடாதீக” என்று கத்திக்கொண்டு உன் மகன் என்னைத் தாண்டி ஓடினான்.

பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கக் கேட்டான். “எவ்வளவு உயரம் மாமா?”

என் கையைப் பார்த்தேன். துண்டுதான் இருந்தது. கோணமானி மேடைக்குப் பக்கத்தில் கீழே கிடந்தது.

“அளக்கலைப்பா.”

“அளக்கலையா? பௌதிகம்னு அன்னைக்கு அம்புட்டு நேரம் என் உசிர எடுத்தீகளே.”

சிரித்தான். நீ போனபின் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பின் பாதியில் முகத்தை நனைந்த கையால் மூடிக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டதும், “இன்னொருக்கா விடுவமா?” என்றான். விட்டோம். அதையும் நான் அளக்கவில்லை. கோணமானியைக் கையில் எடுக்கவே தோன்றவில்லை.

நேற்று டீக்கடையில் பழைய ஆள் ஒருவர், “என்ன சார், இந்த வயசுல இன்னும் அந்த வெளையாட்டு விடலையாமே?” என்றார். நான் தலையைக் குனியவில்லை. விளக்கமும் சொல்லவில்லை. “விடலை. ஞாயித்துக்கிழமை வெளையாடப் போறேன்” என்றேன். அவர்தான் டம்ளரைப் பார்த்துக்கொண்டார்.

மேலே இரண்டாவதாக எழுதியதை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம், தப்பாக எழுதியது தெரியட்டும். மற்ற மூன்றிலும் நான் இம்மியும் நகரவில்லை. இரண்டாவது தவறு, மாப்பிள்ளை. அது விளையாட்டுதான்.