ரெண்டு பேரும் சைனாதான் என்றேன்

சார், இன்று காலை காற்றில் கேட் அடித்துக்கொண்டே இருந்தது. முட்டுக் கொடுக்கக் குனிந்தேன், கையில் வந்தது உங்கள் கால் அச்சு. ஷூ தைப்பதற்காக நீங்கள் கடைந்து எடுக்கும் அந்த நீல பிளாஸ்டிக் பாதம், இடது கால். கம்பெனியில் கழித்துப் போட்டதைக் கொண்டுவந்து, "கேட்டுக்கு ஒரு காலு அண்ணா" என்று கொடுத்தீர்கள். இப்போது மாடியிலும் ஆள் இல்லை, கீழேயும் ஆள் இல்லை. வேறு யாராவது வாடகைக்கு வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் வீட்டுக்காரர். நாள் முழுக்கப் பேசுவதற்கு எனக்கு அந்தக் கால்தான் இருக்கிறது.

நான் கைநாட்டு. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். வருஷத்தின் நம்பர் எனக்கு வராது, நடந்தது மட்டும் வரும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆயிற்று. அந்த வருஷ மழைக்குக் கமண்டல நாகநதி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அதற்கு அடுத்த வருஷம். டிவியில் உங்கள் தீவைச் சுற்றிப் போர்க்கப்பல்கள் நின்ற ஆடி மாசம்.

தெருவில் உங்களுக்குப் பெரிய சைனா என்று பெயர். உங்களோடு தங்கியிருந்தவர், கொரோனாவுக்கு முன்னால் சைனாவிலிருந்து வந்து இங்கேயே மாட்டிக்கொண்டவர், அவர் சின்ன சைனா. "சைனா இல்ல, தைவான்" என்று டீக்கடையில் நீங்கள் திருத்துவீர்கள். "சரிங்க சைனா சார்" என்பார் கடைக்காரர். கம்பெனிப் பெண்களிடம் கற்ற தமிழில் நீங்கள் அவரைத் திட்டுவதைக் கேட்கவே நாலு பேர் கூடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில், கேட் காக்கிற என்னையும் மேஜையில் உட்காரச் சொல்வீர்கள். சமைக்கிற எஸ்தரம்மா தேசூர்ப் பக்கத்துக்காரர். பரிமாறிக்கொண்டே வாயும் கொடுப்பார். ஒருநாள் நான் கேட்டேன்:

"ரெண்டு பேரும் ஒரே பாஷ பேசிகினு, ஒரே சோறு துன்னுகினு கீறீங்க. அப்புறம் இன்னா சார் வேற நாடு?"

"அடுப்பு வேற அண்ணா. எழுவது வருசத்துக்கு மேல வேற அடுப்பு."

"ரேஷன் கார்டு?"

"தனி கார்டு கீது. ஆனா பெரிய ஊட்டு அண்ணன் கோச்சிக்குவான்னு தெருவுல யாரும் அத வாங்கிப் பாக்க மாட்டாங்க."

சின்னவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். "ஒரே குடும்பம்" என்று ஒரு விரலைக் காட்டினார்.

"குடும்பம்னா கதவத் தட்டிகினு வரணும்" என்றீர்கள். அவர் சிரித்து, மீனின் வயிற்றுத் துண்டை எடுத்து உங்கள் தட்டில் வைத்தார். நானும் சிரித்தேன். சொன்னதை மனசில் ஏற்றிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் ஆனியில், உங்கள் விசாவை நீட்டிக்க ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஓர் ஆள் வந்தார். நீங்கள் இருவரும் கம்பெனிக்குப் போயிருந்தீர்கள். அவர் வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்.

"பெரியவரே, உள்ள எத்தினி பேரு? எந்த நாடு?"

"ரெண்டு பேருங்க. ரெண்டு பேரும் சைனாதான்."

எழுதிக்கொண்டு போய்விட்டார். எஸ்தரம்மா சமையலறை ஜன்னலிலிருந்து கத்தினார். "ஏண்ணா, பெரிய சார் தைவான் தைவான்னு நூறு வாட்டி சொல்லிகினு கீறாரு, நீ இன்னா இப்டி சொல்லிட்ட?"

"குச்சில துன்றவங்க எல்லாம் ஒண்ணுதாம்மா. போய் கொழம்பப் பாரு."

பாஸ்போர்ட்டில் ஒரு நாடு, விசாரணைத் தாளில் ஒரு நாடு. சைனாக்காரர்களுக்குப் புது விசாவே கிடைக்காத காலம். உங்கள் பாஸ்போர்ட் ஆபீசில் நின்றுவிட்டது, வீட்டில் யாரோ உங்களைச் சைனா என்று சொன்னதாக மட்டும் அங்கே சொன்னார்களாம். அப்போதுதான் உங்கள் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று போன் வந்தது. பன்னிரண்டு நாள் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக நடந்தீர்கள். ஒன்பதாம் நாளே அம்மா போய்விட்டார், அடக்கத்துக்காவது போகலாம் என்று மிச்ச மூன்று நாளும் நடந்தீர்கள். போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்துவைத்து, அந்தச் சின்னக் கண்ணாடியில் அம்மாவை அனுப்பிவைத்தீர்கள். டிவியில் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. சின்னவர்தான் எழுந்து அதை அணைத்தார்.

மறுநாள் மேஜையில் நீங்கள் உங்கள் பாஷையில் அவரிடம் ஏதோ கேட்டீர்கள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார், மறுபடியும் ஆட்டினார். பிறகு நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"இவன்தான் எழுதிக் குடுத்துகீறான் அண்ணா. நான் சைனாவா இருக்கணும்னு இவனுக்கு ஆச."

எஸ்தரம்மா என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். கழுவிய கிளாஸ்களையே திரும்பக் கழுவினேன்.

சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அரிசி மில்லில் மூட்டை தூக்கித் தேய்ந்த முதுகு, வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஆனால் அது பாதிதான் சார். என்னை அண்ணா என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள். அது நின்றுவிடும் என்பதுதான் மீதி.

அதற்குப் பிறகு மேஜையில் யாரும் உட்காரவில்லை. எஸ்தரம்மா ஒரு தட்டை மாடிக்கும் ஒரு தட்டைக் கீழறைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார். "நீயா சொல்லுவன்னுதான் நான் சொல்லாம கீறேன், உன் வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று என்னைத் தினமும் கேட்டார், பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். புரட்டாசியில் சின்னவரின் விசா முடிந்தது. காரில் பெட்டியை ஏற்றியவன் நான்தான். அவர் உங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தான். நீங்கள் ஜன்னலைத் திறக்கவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறு வருஷம் நீங்களும் போனீர்கள். கேட்டருகே என் கையைப் பிடித்து, "நீ மட்டும்தான் நல்லவன் அண்ணா" என்றீர்கள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. போன ஐப்பசியில் நீங்கள் மாரடைப்பில் போய்விட்டதாகக் கம்பெனியிலிருந்து சொன்னார்கள். எஸ்தரம்மா தை மாசம் போய்ச் சேர்ந்தார்.

உங்கள் ஊர் எத்தனை பெரியது, யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்கள் யார் என்று நீங்களே சொல்லியும், என் வாய்க்கு வந்ததை நான் சொன்னேன். அது தெரியும். நீங்கள் சாகும்வரை அந்தப் பழியைச் சின்னவர் மேல் வைத்திருந்தீர்கள், நான் வைக்கவிட்டேன். அதுவும் தெரியும்.

"மாமா, போனவருக்கு எழுதி எங்க அனுப்புறது?" என்கிறாள் மருமகள். அவளும் அந்தக் கம்பெனியில்தான் தையல் லைனில் இருக்கிறாள். சின்னவரின் நம்பரைக் கேட்டு வாங்கலாமாம், எழுதியதைப் போனே அவர் பாஷைக்கு மாற்றிவிடுமாம். என்ன பேர் போட்டுத் தேடுவது என்று கேட்கிறாள். சைனா என்று சொல்லத்தான் முதலில் வாய் போனது. நிறுத்தினேன். நீங்கள் மாடியிலிருந்து அவரைச் சாப்பிடக் கூப்பிடும் குரலை நினைத்து நினைத்துப் பார்த்து, மெதுவாகச் சொன்னேன். அந்த மேஜையில் என்னோடு சாப்பிட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். வெய்மிங்.