சிவப்புப் பொட்டு வைத்த கப்

ரொம்சோஸ், ஒஸ்லோ,
6.2.2006

அன்புள்ள மகள் கம்சிகாவுக்கு,

நான் நலம். நீயும் நலமென்று உன் அறைக்குள்ளிருந்து வரும் குறட்டையால் அறிகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு குளிர்பெட்டிக் கதவில் கடிதம் ஒட்டுகிற சீத்துவத்தை ஆரிடம் சொல்லி அழ? நான் துப்புரவு வேலைக்கு ஓடும்போது நீ படுத்திருக்கிறாய். நான் படுத்த பிறகு நீ வருகிறாய். கைத்தொலைபேசியில் பொத்தானைக் குத்திக் குத்தி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

விசயத்துக்கு வருகிறேன். மகள் தாதிப் படிப்புப் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். இப்போது பயிற்சிக்கென்று எயிட்ஸ் வருத்தக்காரர் வருகிற பிரிவில் விட்டிருக்கிறார்களாம்! உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? உன் தேத்தண்ணிக் கப்பில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். அதில் மட்டும் குடி. கோபிக்காதே, பெற்ற வயிறு பதறுகிறது.

இன்னொன்று. கீழ்மாடி அனஸ்ரேசியா மூன்று சனிக்கிழமையாக வரவில்லை. மிஞ்சிய சோற்றையும் கறிகளையும் ஒன்றாகக் குழைத்து, உருண்டை பிடித்துக் கையில் தர அவளை விட்டால் ஆர்? நானே குழைத்துப் பார்த்தேன், வாயில் வைக்க முடியவில்லை. நீ அந்தப் பிரிவுக்குப் போன நாளிலிருந்துதான் அவள் வரவில்லை. உனக்குத்தான் பயந்துவிட்டாள். ஒஸ்லோவில் எனக்கிருக்கிற ஒரேயொரு சிநேகிதியையும் உன் படிப்பு தின்றுவிடும் போலிருக்கிறது.

அன்பு அம்மா,
யோகாம்பாள்


7.2.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

குறட்டை விடுவது நான் இல்லை, ஹீட்டர்.

கப்பைப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வடிவாகக் கேளுங்கள். எச்.ஐ.வி. என்பது கிருமி. மருந்தில்லாமல் விட்டால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்று, கடைசியில் கொண்டுபோய் விடுகிற நிலைதான் எயிட்ஸ். கிருமி இருக்கிற எல்லோருக்கும் எயிட்ஸ் இல்லை. ஒழுங்காக மருந்து எடுத்தால் வேலைக்குப் போகலாம், பேரப்பிள்ளைகளையும் காணலாம். தொற்றுவது இரத்தத்தால், பாதுகாப்பில்லாத உடலுறவால், ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் குத்துவதால், தாயிடமிருந்து பிள்ளைக்கு. கப்பால் இல்லை. கைகுலுக்கினால் இல்லை. கையால் குழைத்த சோற்றால் இல்லவே இல்லை.

பொட்டை அழியுங்கள்.

அன்புடன்,
கம்சிகா


9.2.2006

அன்பு மகளுக்கு,

வாசித்தேன். நான் மட்டுமில்லை, கோயில் நிர்வாகசபைப் பரமநாதன் அண்ணையும் வாசித்தார். திருவிழாத் துண்டுப்பிரசுரம் தர வந்தவர், கதைத்துக்கொண்டே என் பின்னால் குசினிக்குள் வந்துவிட்டார். 'பாதுகாப்பில்லாத' என்று தொடங்குகிற இடத்தில் கண்ணாடியைப் போட்டார். பிறகு அதைக் கழற்றித் துடைத்து, போட்டு, இன்னொருக்கால் வாசித்தார். தேத்தண்ணியைத் தொடாமலே போய்விட்டார். அவசரத்தில் அவருக்கு ஊற்றியது உன் பொட்டுக் கப்பில் என்று அதற்குப் பிறகுதான் கண்டேன்.

நீ எழுதியதை நம்புகிறேன். ஆனால் பொட்டை அழிக்கக் கை போகவில்லை.

நேற்று அனஸ்ரேசியா வீட்டுக்கும் போனேன். கதவை அரைவாசிதான் திறந்தாள். "பயப்பிடாதையடி, பிள்ளையின்ரை கப்பைப் புறம்பாக்கிப்போட்டன். அந்த வருத்தம் எங்கடை குசினிக்குள்ளை வராது" என்று ஆறுதல் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. "நல்லது யோகம்" என்று கதவைச் சாத்திவிட்டாள். நான் என்ன பிழையாகச் சொன்னேன்? உனக்கு ஏதும் தெரியுமா?

அம்மா


10.2.2006

அன்புள்ள அம்மா,

அனஸ்ரேசியா அன்ரியைப் பற்றி மட்டுமில்லை, பரமநாதன் மாமாவைப் பற்றிக் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: வாய் திறக்க மாட்டேன். தவுஸ்ஹெத்ஸ்பிளிக்ட், அதாவது இரகசியம் காப்பேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். வேலையில் கண்டது, கேட்டது எதையும் பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாது.

ஒன்று மட்டும் சொல்லலாம். இந்த வருத்தத்தோடு இருக்கிறவர்களை மருந்து காப்பாற்றுகிறது. அவர்கள் இப்போது பயப்படுவது பொட்டு வைத்த கப்புக்குத்தான். அந்தக் கதையை ஆரிடமெல்லாம் சொன்னீர்களோ, அவர்களிடமே போய்ப் பிழையென்று சொல்லுங்கள்.

கம்சிகா


11.2.2006

என் செல்லத்துக்கு,

இது கதவில் இல்லை, உன் தலையணை உறைக்குள். வாசித்ததும் கிழித்துப் போடு.

சோற்றுச் சட்டியோடு கீழே போனேன். "கப்பைப் புறம்பாக்கினது என்ரை மடைத்தனம், மன்னிச்சுக்கொள்" என்றேன். அவள் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். பிறகு எல்லாம் சொன்னாள். ஏழு வருசமாம். மருந்து எடுக்கிறாளாம். அங்கே உன்னைக் கண்டதும், நீ வந்து என்னிடம் சொல்லிவிடுவாய் என்று வெட்கப்பட்டுத்தான் வரவில்லையாம். "பிள்ளை உனக்குக்கூடச் சொல்லேல்லையோ யோகம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "நானே சொல்லிப்போட்டன் எண்டு அவளுக்குச் சொல்லு, பாவம்" என்றும் சொன்னாள்.

எடியே, பத்து மாதம் சுமந்த என்னிடம் ஒரு மூச்சும் விடாமல் இத்தனை நாள் என் புட்டை எப்படியடி விழுங்கினாய்? எனக்குக் கோபம்தான். அதைவிடப் பெருமை. இதை ஆரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியாதது பெரிய கவலை.

எப்படி வந்தது என்று கேட்க நாக்குத் துடித்தது. கடித்துக்கொண்டேன். அது எனக்கென்னத்துக்கு?

குழைக்கச் சொல்லிக் கையை நீட்டினேன். தயங்கினாள். "கை உளையுது, வையடி" என்றேன். நீ எழுதியதெல்லாம் நினைவிருந்தும் முதல் உருண்டை தொண்டையில் கொஞ்சம் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவதில் உப்புக் காணாது என்று அவளோடு சண்டை பிடித்தேன்.

வருகிற சனிக்கிழமை அவள் இங்கே வருகிறாள். பொட்டைச் சுரண்டிப் பார்த்தேன், அடையாளம் போகவில்லை. கப்பை எறியவும் மனமில்லை, ஸ்ட்ரோம்மன் கடையில் ஆறு கப் செற்றாக வாங்கியது. அதனால் மற்ற ஐந்துக்கும் பொட்டு வைத்துவிட்டேன்.

அம்மா