பிரமாணத்துக்கு மேல் ஒலித்த கீபோர்டு

அன்பு மகன் கீத்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் உடம்புக்குச் சுகம், மனசைப் பற்றிக் கேட்காதே. பெங்களூரில் குளிர் தொடங்கிவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே ஓயாத மழை, பெடாஸ் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் போட்ட சேற்றில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சறுக்கி முட்டி வீங்கியிருக்கிறது, கிளினிக்குக்கு வரமாட்டேன் என்கிறார்.

உன் இறையியல் கல்லூரியிலிருந்து நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். காலத்துக்கு ஏற்றபடி விசுவாசத்தை வெட்டியது போதும், சபை பிளவுபடுமுன் எல்லாரும் சேர்ந்து அறிக்கையிட்டதற்கே திரும்புவோம் என்கிறார்கள் உன் இறையியலார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அதை நீ சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டாயே, ஞாயிறுதோறும் எல்லாரும் எழுந்து நின்று சொன்ன விசுவாசப் பிரமாணத்தை நிறுத்தியவர்கள் ஆலயத்தை மேடையாக்கிவிட்டார்கள் என்று! பெயர் சொல்லவில்லைதான், மைக் யார் கையில் என்று எஸ்டேட்டில் குழந்தைக்கும் தெரியும். பிள்ளைகள் பாட்டுக்காகச் சுங்கை காடுட் பெரிய சபைக்கு ஓடிவிடக்கூடாதே என்றுதான் சபைச் செயலாளரான உன் அப்பா பிரமாணத்தை எடுத்துவிட்டுப் பாட்டைக் கூட்டினார்.

போன ஞாயிறு பாட்டு நடுவிலேயே சூசையம்மாள் ஆன்ட்டி எழுந்து பிரமாணத்தை ஆரம்பித்தார், முன்வரிசை முழுக்க எழுந்துவிட்டது. அப்பா கீபோர்டில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பி, வாசி லா, சத்தத்தக் கூட்டு என்றார். வாசித்தேன் கீத். உனக்கு நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை நானே அமுக்கினேன். பாதாளத்தில் இறங்கினார் என்ற இடம் வந்ததும் அதற்குமேல் விரல் போகவில்லை. வெளியே வந்தால் ஆன்ட்டி, பெத்த புள்ள பக்கமா, கட்டுன புருஷன் பக்கமா, அந்தப் பொட்டிய மூடிட்டுச் சொல்லுடி என்று சிரிக்கிறார். வீட்டில் அப்பா, நீயும் அவன் கட்சிதான, அவனப் போதகராக்க சபை சிபாரிசு யாரு குடுக்கணும், பாத்துக்கலாம்லா என்றார்.

வரும் ஞாயிறும் அவர்கள் எழுவார்கள், அப்பா இன்னொரு ஸ்பீக்கர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வாசித்தால் உன் விசுவாசத்தை மிதித்தவள், வாசிக்காவிட்டால் உன் ஊழியத்தைக் கெடுத்தவள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே கல்லூரி முடித்தவள் நான், இதற்கு ஒரு வழியும் தெரியவில்லை.

இனிக் குழுவில் ஒன்றும் எழுதாதே. சனிக்கிழமைக்குள் அப்பாவைக் கூப்பிடு. பிரமாணத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, எல்லார் முன்னும் அவரைச் சொன்னதற்கு மட்டும் மன்னிப்புக் கேள். போதனையில் ஆரம்பிக்காதே, முட்டியில் ஆரம்பி. நீ பேசாமல் விட்டால் ஞாயிறு காலை என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது.

ஆதிச் சபையைக் காத்தவர் உன்னையும் இந்த வீட்டையும் சேர்த்தே காக்கட்டும். அப்பா தேநீர் குடித்தபின் கூப்பிடு, மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஷாமினி மைக்கல்ராஜ்