சுகமாகிவிட்டதாகச் சாட்சி சொன்ன அக்காவுக்கு

என் ஜெயா அக்கா,

எழுத உட்கார்ந்ததும் உன் குரல்தான் முதலில் கேட்கிறது. "எதுக்குடி இம்புட்டு இழுக்குற, விசயத்தைச் சொல்லு" என்பாய். சொல்லிவிடுகிறேன். நேற்று ஞாயிறு ஆராதனையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, உனக்குச் சுகம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நீ போய்ப் பதினான்கு மாதம் கழித்து.

சபைக்குத் தெரியாத செய்தியா அது? உன் அடக்கத்துக்கு வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டவர்கள்தானே எல்லாரும். ஆனாலும் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

இந்தக் கடிதத்தை மூடி வைக்கப் போவதில்லை அக்கா. நீ சாட்சி சொன்ன வீடியோ போன இடமெல்லாம் இதுவும் போகட்டும். அதனால் எங்களைத் தெரியாதவர்களுக்காக எங்கள் வழக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒத்தக்கடையில் தகரக் கூரை போட்ட சின்னச் சபை எங்களுடையது. மற்ற இடங்களில் சுகம் வந்த பிறகு சாட்சி சொல்வார்கள். எங்களுக்கு முதலில் சாட்சி, பிறகுதான் சுகம். கிடைத்துவிட்டது என்று நம்பி, முன்னால் போய் மைக்கைப் பிடித்து, சுகமாகிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வலிக்கிறது என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் பெற்ற சுகத்தை நாமே திருப்பிக் கொடுத்ததாக அர்த்தம்.

உனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்ததும், சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு புதன்கிழமை வரச் சொன்னார். அதற்கு முன்பு நாம் மூன்று நாள் உபவாச ஜெபம் இருந்தோம். மூன்றாம் நாள் மாலை உனக்கு வலி விட்டிருந்தது. "லேசா இருக்குடி மெர்சி, நெசமாத்தான்" என்று சிரித்தாய். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப நாளைக்கே சாட்சி சொல்லிருக்கா. சொல்லிப்புட்டு புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. போனா ஆண்டவரை நம்பலைன்னு ஆயிரும்."

இதைச் சொன்னது நான்தான். பாஸ்டர் இல்லை, அத்தான் இல்லை. அடுப்படியில் கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டே சொன்னேன்.

"புதன்கிழமை போய்ப் பாத்துட்டு வந்து சொன்னா என்னடி? கர்த்தர் கோவிச்சுக்கவா போறாரு?" என்று கேட்டாய். எவ்வளவு நேரான கேள்வி அக்கா! அதற்கு உன்னைச் சந்தேகப் பிராணி என்று கிண்டல் செய்தேன். நீயும் சிரித்துவிட்டாய். எப்போதும் நான் சொன்னால் கடைசியில் கேட்டுவிடுவாயே, ஏன்? என்னைவிட ஐந்து வயது பெரியவள்தானே நீ?

மறுநாள் நீ மைக்கைப் பிடித்து, கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்று சொன்னதை என் போனில்தான் படம் பிடித்தேன். அன்றைக்கே சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் முகம் தெரியாதவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புதன்கிழமை நீ வழக்கம்போல டவுன் பஸ் ஏறி சிம்மக்கல்லுக்குப் போய், நோட்டுப் புத்தகக் கடையில் பில் போட உட்கார்ந்துவிட்டாய்.

வலி எந்த நாள் திரும்பி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தானுக்கும் தெரியாது. நீ போன பிறகு கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார்: "கடைசி அஞ்சு மாசமா ஸ்டூல்ல உக்கார மாட்டாங்க சார். நின்னுக்கிட்டே பில் போடுவாங்க. ஏம்மான்னு கேட்டா, உக்காந்து உக்காந்து காலு மரத்துப்போச்சுண்ணேன்னுருவாங்க." சொன்ன சாட்சி பொய்யாகிவிடக் கூடாதே என்று ஐந்து மாதம் நின்றிருக்கிறாய் அக்கா.

கடையிலேயே நீ மயங்கி விழுந்த பிறகுதான் மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "அந்தப் புதன்கிழமை ஏம்மா வரலை?" என்று கேட்டார். நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "ஊர்ல ஒரு விசேசம் டாக்டர்" என்றாய். பொய்யே சொல்லத் தெரியாதவள், என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று ஒரு பொய் சொன்னாய். அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தாய்.

நீ போன பிறகு நான் ஜெபிக்கவில்லை. சபைக்குப் போனேன், பாடினேன், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான். கேட்டதைத் தராதவரிடம் இனி என்ன பேச்சு என்று கோபம். அவர்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தவரை என்னைப் பற்றி நினைக்க வேண்டியிருக்கவில்லை.

உன் வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரோ அதற்குப் பின்னணி இசைகூடச் சேர்த்திருக்கிறார்கள். போன வியாழக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு செல்வி வீட்டுக்கு வந்தாள். அவளை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு சபைக்கு வந்தவள். கல்லூரிக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள், இரண்டு பெண் பிள்ளைகள். மார்பில் கட்டி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது.

"இவங்க உங்க அக்காவாம்ல? பத்துத் தடவை பாத்துட்டேன். இவங்களுக்கு விட்டுப்போன மாதிரி எனக்கும் விட்டுப்போயிரும்னு நம்பிக்கை வந்துருச்சுக்கா. ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லிப்புட்டு ஆபரேசன் வேணாம்னு சொல்லிறப் போறேன்" என்றாள். பிறகு போனைப் பார்த்துக்கொண்டே, "இப்ப எங்கக்கா இருக்காங்க? ஒரு தடவை பாக்கணும்" என்றாள்.

"வெளியூர்ல" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அக்கா, அப்படி வந்துவிட்டது வாயில். அவள் தேநீர் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனாள். 

சனிக்கிழமை பாஸ்டரிடம் போய், செல்வியை நிறுத்துங்கள் என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். உன் அடக்கத்தில் பிரசங்கம் பண்ண முடியாமல் அழுதவர். "உங்க அக்காவுக்கு ஆத்தும சுகம் கிடைச்சிருச்சு சிஸ்டர். செல்வி புதுசா வந்த ஆத்துமா. நம்ம அவிசுவாசத்தால அவ இடறிறக் கூடாது" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால்தான் நேற்று. செல்வி பெயரைக் கூப்பிட்டார்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் போனாள். அவள் மைக்கை வாங்கும் முன் நான் எழுந்துவிட்டேன்.

"செல்வி, அந்த வீடியோவுல இருக்கது எங்கக்கா. அவ செத்துப்போயிட்டா. அந்தக் கட்டியோடதான் செத்தா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னவளைப் போக விடாம சாட்சி சொல்ல வச்சது நான்தான்."

யாரோ பழக்க தோஷத்தில் ஸ்தோத்திரம் என்றார்கள். பாஸ்டர் ஒரு பாட்டை எடுத்துவிட்டார், இரண்டாம் அடிக்கு யாரும் சேரவில்லை. கடைசி வரிசையில் அத்தான் உட்கார்ந்திருந்தார். நீ தானாகத்தான் போகாமல் இருந்தாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தவர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் வண்டியை எடுத்துவிட்டார். இன்று நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

மேலூர் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்குச் செல்வி என் பின்னாலேயே வந்துவிட்டாள். அவளுக்கும் கோபம்தான். "அப்ப அவரு கேக்க மாட்டாராக்கா? ஜெபமே பண்ண வேணாமா? இதை நம்பித்தான நான் வந்தேன்?"

பதிலைத் தயார் செய்துகொண்டு நான் எழுந்து நிற்கவில்லை. அவளிடம் பேசும்போதுதான் எனக்கே தெரிந்தது. "நானும் எங்கக்காவும் அவர்கிட்ட கேக்கவே இல்ல செல்வி. கொடுத்தாச்சு, கொடுத்தாச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி அவரை மடக்கப் பாத்தோம். அவரை நம்பியிருந்தா, வலிக்குதுன்னு சொல்ல ஏன் பயப்படணும்? சொன்னா விட்டுட்டுப் போயிருவாருன்னு பயந்தோம். நீ கேளு. பிள்ளைகளுக்காக இருக்கணும்னு கேளு. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. கேட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"பயமாத்தாங்க்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்று ஜெபித்தோம். பதினான்கு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தேன். பாதியில் வார்த்தை வரவில்லை, செல்விதான் முடித்தாள். அவர் கேட்டாரா? கேட்டிருப்பார் என்று நம்பப் பார்க்கிறேன். அதற்கு மேல் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் தெரிந்துகொள்ள வேண்டும் அக்கா. அந்த ஐந்து மாதம், பில் போட்டுக்கொண்டு நின்ற நேரத்தில், எங்களிடம் சொல்ல முடியாததை அவரிடமாவது சொன்னாயா? இல்லை, அவரும் எங்களைப் போலத்தான், சொன்னால் சங்கடப்படுவார் என்று அவரிடமும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டாயா? முதலாவதாக இருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நடந்து முடிந்ததற்காக ஜெபிக்கலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் ஜெபிக்கிறேன்.

நாளை செல்வியோடு நான் போகிறேன். அவள் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பேன். நல்லதோ கெட்டதோ, நடப்பதற்கு முன்னால் நடந்துவிட்டது என்று எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன். மயக்கம் தெளிந்து அவள் கண்ணைத் திறந்ததும், வலிக்குதா என்று கேட்பேன். உன்னிடம் அதை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மெர்சி