ஏழு வீட்டுத் தீர்மானம்

அன்பு மகளே,

நீங்கள் மூவரும் இங்கே காலியாக இருக்கும் கீழ்வீட்டுக்குக் குடிவரலாமா என்று கேட்டிருந்தாய். இங்கே யாரையும் நம்புவதற்கில்லை. 'வெளிநாட்டுக்காரனுக்கு வீடு கிடையாது' என்று மேடைதோறும் முழங்குகிற அந்தப் புதுக் கட்சி, அதையே தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லி ஒவ்வொரு குடியிருப்புக்கும் படிவம் அனுப்பியிருக்கிறது. என் வீட்டையும் சேர்த்து ஏழு வீட்டாரும் ஞாயிறன்று கூடினோம்.

கட்சியைத் திட்டாத வாய் இல்லை. "கோமாளிக் கூட்டம்மா அது! உங்க மாப்பிள்ளை எந்த நாட்டுக்காரரா இருந்தா என்ன, எனக்கும் மாப்பிள்ளைதான்" என்றார் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர். "அவனுங்களுக்கு ஓட்டுப் போடுறவன் மனுஷனா?" என்றாள் மூன்றாம் மாடித் தையல்காரி.

பிறகு ரகசிய வாக்கெடுப்பு. வீட்டுக்கு ஒரு சீட்டு. தீர்மானத்துக்குச் சம்மதமா, மறுப்பா என்று எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டோம். எண்ணும் பொறுப்பு எனக்கு. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் பொய் சொல்லமாட்டாள் என்று இன்னும் நம்புகிறார்கள்.

ஏழும் சம்மதம். இரண்டு முறை எண்ணினேன்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் மெதுவாக, "நீங்களுமாம்மா?" என்றார்.

கூட்டம் முடிந்தது என்று சொல்லி டப்பாவை மூடினேன். அந்த ஆளின் பார்வையே சரியில்லை. இனி அவரிடம் மருந்து வாங்கப்போவதில்லை.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். அதை நான் என்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் பழைய அறையில் பேத்திக்குக் கட்டில் போட்டாயிற்று. குழந்தையை அழைத்துக்கொண்டு நீ மட்டும் வா.

உன் அம்மா